அளக்காத பக்தி

காசியில் துளசி படித்துறைக்கு மேலுள்ள பழைய வீட்டில் வாழ்ந்த வீரபத்ர மிஸ்ராவுக்கு இரண்டு பதவிகள் இருந்தன. ஒன்று பிறப்பால் வந்தது. துளசிதாசர் நிறுவியதாக மரபு சொல்லும் சங்கட மோசன் அனுமன் கோயிலின் மகந்த், அதாவது தலைமைக் குரு, என்ற பட்டம் அது. தந்தை இறந்தபோது அவருக்கு வயது 14. அந்த வயதிலேயே பட்டம் தலையில் ஏறியது. மற்றொன்று படித்துப் பெற்றது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியராக இருந்தார், பிறகு சிவில் பொறியியல் துறையின் தலைவராகவும் ஆனார். விடியலில் ஆற்றில் முழுக்கு, பிறகு வகுப்பு, மாலையில் கோயில். 1938-இல் பிறந்த அவர் 2013 மார்ச்சில் மறைந்தார்.

பகுத்தறிவுப் பக்கத்தில் ஒரு மகந்தைப் பற்றி எழுதுவானேன் என்று தோழர்கள் கேட்பார்கள். பிறப்பால் வரும் குருபீடத்தை நான் ஏற்கவில்லை. ஆறு பாவத்தைப் போக்கும் என்பதையும் ஏற்கவில்லை. ஆனாலும் நம்மில் பலர் செய்யாத ஒன்றை அந்த மனிதர் செய்தார். தான் தாய் என்று கும்பிட்ட ஆற்றின் நீரைச் சீசாவில் எடுத்து, ஆய்வகத்தில் வைத்து, அதில் எவ்வளவு மலம் இருக்கிறது என்று எண்ணினார். எண்ணி வந்ததை ஊரறியச் சொன்னார். அதைச் சொன்னால் தன் பீடத்துக்கே ஆபத்து என்று தெரிந்த இடத்தில் இருந்துகொண்டு சொன்னார். நான் பேச விரும்புவது அந்த எண்ணைப் பற்றித்தான்.

1982-இல் பல்கலைக்கழகத்தில் உடன் பணியாற்றிய பேராசிரியர்களோடு சேர்ந்து சங்கட மோசன் அறக்கட்டளையைத் தொடங்கினார். கங்கையைச் சுத்தமாக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பின்னாளில் துளசி படித்துறையிலேயே ஓர் ஆய்வகம் வந்தது. கோயில் வீட்டுக்குள் சோதனைக் குழாய்களும் இன்குபேட்டரும் வந்து அமர்ந்தன. படித்துறை படித்துறையாகப் போய் நீரெடுத்து வந்து, வாரம் தவறாமல், ஆண்டு தவறாமல் பதிவேட்டில் ஏற்றினார்கள்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மனிதனின் குடலிலும் வெப்ப ரத்தமுள்ள விலங்குகளின் குடலிலும் வாழும் பாக்டீரியா வகை ஒன்று உண்டு. மலக் கோலிஃபார்ம் என்பது அதன் பெயர். அது ஆற்றில் தானாக முளைப்பதில்லை. அது இருந்தால் அங்கே மலம் கலந்திருக்கிறது. மலம் கலந்திருந்தால் டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலைக் கிருமிகளும் வர வழி திறந்திருக்கிறது. ஆற்று நீரைப் பலமுறை நீர்த்து, பாக்டீரியாவுக்குத் தீனியான கரைசல் உள்ள குழாய்களில் விடுகிறார்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு சின்னக் குழாய் தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும். முதலில் உடல் வெப்பத்தையொட்டிய சூட்டிலும், பிறகு உறுதிசெய்ய 44.5 டிகிரி செல்சியஸிலும் வைத்தால், அந்தப் பாக்டீரியா தின்று பெருகி வாயுவை வெளிவிடும். கவிழ்ந்த குழாயில் குமிழி நிற்கும். எத்தனை குழாயில் குமிழி என்று எண்ணி, அட்டவணையில் பார்த்தால், 100 மில்லிலிட்டரில் எத்தனை என்ற கணக்கு கிடைத்துவிடும். குமிழிக்குச் சாதி தெரியாது. எடுத்துவந்தவர் பக்தரா நாத்திகரா என்றும் அதற்குத் தெரியாது.

குளிப்பதற்கான நீரில் இந்த எண்ணிக்கை 500-க்குள் இருப்பது நல்லது, எப்படியும் 2,500-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்திய அரசின் அளவுகோல். ஆற்றுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அழுக்கை மக்கவைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் துளசி படித்துறை ஆய்வகத்திலிருந்து வெளிவந்த கணக்கின்படி, கங்கை காசிக்குள் நுழையும் இடத்திலேயே 100 மில்லிலிட்டருக்கு 60,000 அளவில் இருந்தது. ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் நீளப் படித்துறை வரிசையைக் கடந்து நகரை விட்டு வெளியேறும் இடத்தில் பத்து லட்சத்தையும் தாண்டியது. அந்த ஏழு கிலோமீட்டரில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் முழுகுகிறார்கள், வாய் கொப்பளிக்கிறார்கள், உள்ளங்கையில் அள்ளிக் குடிக்கிறார்கள்.

அவர்களில் நம்மவர்களும் உண்டு. அனுமன் படித்துறையும் கேதார படித்துறையும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கும் படிகள். பாரதி தன் இளமையில், 1898 முதல் 1902 வரை, தங்கியிருந்த வீடு அனுமன் படித்துறையில்தான் இருக்கிறது. குமரகுருபரர் நிறுவிய மடம் கேதாரத்தில். இரண்டும் துளசி படித்துறையிலிருந்து நடந்துபோகிற தூரம், ஆற்றோட்டத்தில் அதற்குக் கீழே. நகரின் தென்முனையில், படித்துறைகளுக்கு மேலேயே, அஸ்ஸி நாலா என்ற சாக்கடை கலக்கிறது. அங்கே கலந்ததைத்தான் இராமேசுவரத்து மணலோடு போனவர்கள் அள்ளிச் செப்புச் சொம்பில் அடைத்து, ஈயம் வைத்து, ஊருக்குக் கொண்டுவந்து பூசையறையில் வைக்கிறார்கள். உயிர் பிரியும்போது வாயில் ஊற்றுவதும் அதைத்தான்.

கங்கைச் செயல் திட்டத்தை 1986 ஜூனில் ராஜீவ் காந்தி காசிக்கு வந்து தொடங்கிவைத்தார். கோடிக்கணக்கில் பணம் வந்தது. படித்துறைகளை ஒட்டிக் கழிவுநீரேற்று நிலையங்கள் கட்டினார்கள். தீனாபூரில் நாளொன்றுக்கு 8 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்தது. மேல்நாடுகளில் நன்றாக ஓடும் தொழில்நுட்பம்தான். மோட்டார் வைத்துக் கழிவுநீரை மேலேற்றி, தொட்டிகளில் இடைவிடாமல் காற்றை ஊதி, நுண்ணுயிர்களை வளர்த்து அழுக்கைத் தின்னவைப்பார்கள். அதற்கு இருபத்துநான்கு மணி நேரமும் கரண்ட் வேண்டும். காசியில் அன்றைக்கு நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் குழாய்க்குள் தேங்கிய கழிவுநீர் ஆற்றுக்குத்தான் போகும், அல்லது தாழ்வான தெருக்களில் மேன்ஹோல் வழியாகப் பொங்கும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் நிலையங்களே மூழ்கும். இத்தனையும் தாண்டி நன்றாக ஓடிய நாளிலும்கூட அந்த முறை, நீரின் ஆக்சிஜன் தேவையைக் குறைக்குமே தவிர, கோலிஃபார்மைக் கொல்வதற்காக உருவானதல்ல. முழுகி எழுகிறவனைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில், மீனைக் காப்பாற்றும் எந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் கட்டம் 2000 மார்ச் 31-இல் முடிந்ததாக அறிவித்தும் விட்டார்கள்.

இந்தக் குறைகளுக்கு நடுவேதான் மிஸ்ராவின் பொறியியல் முழுதாக வெளிப்பட்டது. குறை சொல்வதோடு அவர் நிற்கவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் பாசிக் குளங்களை ஆராய்ந்துவந்த வில்லியம் ஆஸ்வால்டோடு சேர்ந்து மாற்றுத் திட்டம் ஒன்றை உருவாக்கினார். படித்துறைகளின் ஓரமாக நிலத்தடியில் ஒரு பெருங்குழாய். ஆறு எப்படிச் சரிவில் ஓடுகிறதோ அதே சரிவில் கழிவுநீரும் தானாக ஓடி, நகருக்குக் கீழே உள்ள மணல் திட்டுக்குப் போய்ச் சேரும். அங்கே வரிசையாகக் குளங்கள். முதல் குளத்தின் ஆழக் குழியில் காற்றுப் படாமல் கசடு மக்கிப் போகும். அடுத்த ஆழமில்லாத குளத்தில் பாசி வளரும். வெயிலில் பாசி விடும் ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்னும். பிறகு பாசி படியும் குளம், கடைசியாக நீரைப் பல நாள் வெயிலில் காயப்போடும் குளம். மலக்கிருமி அங்கேதான் சாகிறது. வெயில் காசியில் வேண்டிய மட்டும் உண்டு, மின்சாரம்தான் இல்லை. இருப்பதை வைத்து இல்லாததைச் சமாளிப்பதே நல்ல பொறியியல்.

நகராட்சி மன்றம் அந்தத் திட்டத்தை ஆதரித்தது. மாநில அரசு எந்திரம் ஆதரிக்கவில்லை. ஆண்டுகள் கடிதங்களிலும் நீதிமன்றங்களிலும் போயின. 1992-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் குளோபல் 500 விருதும் 1999-இல் டைம் இதழின் பாராட்டும் வந்தன. குளங்கள் வரவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை அந்தத் திட்டம் முழுமையாகக் கட்டப்படவே இல்லை.

ஏன் என்று கேட்டால் ஊழல், கான்ட்ராக்ட், அதிகாரிகளின் மெத்தனம் என்று பதில் வரும். அவை உண்மைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொரு காரணம் கிடக்கிறது, அதைத்தான் யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள். கங்கையில் முழுகும் கோடிப் பேரில் யாரும் அரசிடம் அந்த எண்ணைக் கேட்கவில்லை. ஆறு தானே தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும் என்று நம்புகிறவன் எதற்குக் கேட்கப்போகிறான்? சாக்கடை கலந்தாலும் அவள் தாய், அவளுக்குத் தீட்டு இல்லை என்று சொல்கிறவன் தன் பக்தியாலேயே ஒப்பந்தக்காரரை விடுதலை செய்துவிடுகிறான். புனிதம் என்ற நம்பிக்கை ஆற்றைக் காப்பாற்றியதில்லை. ஆற்றைக் கெடுத்தவர்களைத்தான் அது காப்பாற்றிவருகிறது.

இங்கே அறிவியலின் பெயரால் ஒரு வாதத்தைக் கொண்டுவருவார்கள். 1896-இல் எர்னஸ்ட் ஹாங்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி சாவதைக் கண்டு எழுதினார். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்கள் அந்த நீரில் இருப்பது பின்னாளில் இதற்கு விளக்கமாகச் சொல்லப்பட்டது. ஹாங்கின் எழுதியது உண்மை. ஆனால் அத்தகைய வைரஸ்கள் உலகத்தில் எந்தச் சாக்கடையிலும் உண்டு, பாக்டீரியா எங்கே பெருகுகிறதோ அங்கே அவையும் பெருகும். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வகைப் பாக்டீரியாவைத்தான் தாக்கும். காமாலை வைரஸை அவை தொடாது, குடற்புழு முட்டையைத் தொடாது, தோல் தொழிற்சாலைக் குரோமியத்தைத் தொடாது. அந்த நீர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வது உண்மையானால் துளசி படித்துறைக் குழாய்களில் குமிழி நின்றிருக்கக் கூடாது. நின்றது, வாரந்தோறும் நின்றது.

மிஸ்ராவோடு நான் முரண்படும் இடங்களையும் சொல்ல வேண்டும். மரபு ஒரு கரை, அறிவியல் மறுகரை, இரண்டும் உறுதியாக இருந்தால்தான் வாழ்க்கை என்னும் ஆறு ஒழுங்காக ஓடும் என்பது அவர் அடிக்கடி சொன்ன கருத்து. அழகான கருத்துதான், ஆனால் அவருடைய வாழ்க்கையே அதை மறுக்கிறது. மரபு நீர் தூயது என்றது, குழாய் அழுக்கு என்றது. இரண்டில் எதை அவர் அரசிடம் எடுத்துப் போனார்? எதை உலக மேடைகளில் வைத்தார்? குழாய் சொன்னதைத்தான். மரபுக்கு மதிப்புக் கொடுத்து எண்ணிக்கையில் ஒரு சுழியைக்கூட அவர் குறைக்கவில்லை. அப்படியானால் இரண்டு கரைகளும் சமம் இல்லை. மோதல் வந்தபோது ஒரு கரைதான் நின்றது. அவர் வாயால் சொன்னதைவிடக் கையால் செய்தது பகுத்தறிவுக்கு நெருக்கமாக இருந்தது.

அவருடைய காலை முழுக்கும் எனக்கு உறுத்துகிறது. எண்ணிக்கையை யாரையும்விட நன்றாக அறிந்தவர், அதே நீரில் நாள்தோறும் இறங்கினார். அது அவருடைய உடம்பு, அவருடைய நம்பிக்கை என்று விட்டுவிடலாமா? விட முடியாது. அவர் தனிமனிதர் அல்லர், மகந்த். அவர் இறங்குவதைப் பார்த்து ஆயிரம் பேர் தைரியமாக இறங்குவார்கள், இடுப்பில் கைக்குழந்தையோடும் இறங்குவார்கள். இன்று நீர் தகுதியில்லை, நானும் இறங்கவில்லை, நீங்களும் இறங்காதீர்கள் என்று ஒரு மகந்த் ஒரே ஒரு பண்டிகை நாளில் படித்துறையில் நின்று சொல்லியிருந்தால், நூறு மனுக்கள் செய்யாததை அது செய்திருக்கும். ஆறு அழுக்கு என்று சொன்னால் பக்தர் மனம் புண்படும், தாய்க்கு நோய் என்று சொல்லி அவர்களை அழைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தப் பரிவை நான் மதிக்கிறேன். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய் தெர்மாமீட்டரை ஒளித்துவைப்பதில்லை. பாசம் இருக்கிற இடத்தில்தான் அளவு முதலில் வேண்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் யாரும் மறுக்க முடியாது. 2006 மார்ச் 7-ஆம் தேதி மாலை சங்கட மோசன் கோயிலில் குண்டு வெடித்தது. அதே மாலையில் ரயில் நிலையத்திலும் வெடித்தது. பலர் செத்தார்கள். நாடே காசியில் கலவரத்தை எதிர்பார்த்த இரவு அது. அவர் கோயிலை மூடவில்லை, யாரையும் தூண்டவில்லை, வழக்கமான ஆரத்தியை நடத்தினார். நகரத்து முஸ்லிம் தலைவர்கள் அங்கே வந்தார்கள். கலவரம் வரவில்லை. அந்த இரவில் வேலை செய்தது எந்தத் தெய்வமும் அல்ல. கூடியிருந்த கூட்டத்தின் கோபத்தை எங்கே திருப்பலாம் என்று அறிந்தும், திருப்ப மறுத்த ஒரு மனிதரின் தீர்மானம்தான். சமூகப் பற்று என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

குடும்பப் பற்றுக்கு வருகிறேன். நம் ஊரில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்காக உழைத்தார், ஊருக்காக வாழ்ந்தார் என்று கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் போடுகிறோம். இரண்டும் இரண்டு தனித்தனிக் கடமைகள் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. கழிவுநீர்ப் பொறியாளருக்கு அந்தப் பிரிவினை கிடையாது. தன் பிள்ளை குடிக்கும் நீரை மட்டும் தனியாகக் காப்பாற்ற அவரால் முடியாது, ஏனென்றால் அந்தக் குழாய் அடுத்த வீட்டுச் சாக்கடையைத் தொட்டுத்தான் வருகிறது. இன்று நாம் காட்டும் குடும்பப் பாசம் எப்படியிருக்கிறது? வீட்டில் ஆர்.ஓ. எந்திரம், வாசலில் கேன் தண்ணீர், காரில் பாட்டில். என் பிள்ளைக்கு நல்ல நீர் கிடைத்துவிட்டது. தெருமுனைக் குழாயில் பிடிக்கிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வசதியுள்ளவன் தன் குடும்பத்தை இப்படிப் பொதுக்குழாயிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்ட நாளில்தான் பொதுக்குழாயை யாரும் கேள்வி கேட்காமல் போனது. அந்தப் பாசத்தை ஒழுக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துளசி படித்துறை வீட்டுக் குடும்பம் ஊரோடு ஒரே ஆற்றங்கரையில் இருந்தது, அந்த ஆற்றையே சோதித்தது. படகோட்டியின் பிள்ளைக்கு எந்த எண்ணோ மகந்தின் பிள்ளைக்கும் அதே எண்.

ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அவர் விட்டுச் சென்றதில் இரண்டு வகை உண்டு, அதை மூடி மறைக்க மாட்டேன். அவருக்குப் பின் அவர் மகன் மகந்த் ஆனார். அவரும் அதே வளாகத்தில் மின்னணுப் பொறியியல் பேராசிரியர், அவரும் கங்கைக்காகக் குரல் கொடுக்கிறவர். பேராசிரியர் பதவிக்கு அவர் தேர்வெழுதி, ஆய்வு செய்து, நேர்காணலுக்குப் போய்த்தான் வந்திருக்க வேண்டும். மகந்த் பட்டத்துக்கு அப்படி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறந்தாலே போதும். ஒரே வீட்டில், ஒரே மனிதரிடத்தில், இரண்டு விதமான வாரிசுரிமை குடியிருக்கிறது. சோதனைக் குழாயில் குமிழி எண்ணும் வித்தையைக் கற்றுக்கொடுத்தால் படகோட்டியின் மகளும் எண்ணலாம், எண்ணியது சரியா என்று மகந்தே சரிபார்த்துக்கொள்ளலாம். பீடத்தை அவளுக்குக் கொடுக்க முடியாது. அறிவைப் பங்கு போட்டால் குறையாது. பீடம் பங்கு போடப் படைக்கப்பட்டதே இல்லை.

இதே காசியில்தான் 1904-இல், வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த ஈரோட்டு இளைஞர் ராமசாமி, அன்னசத்திரத்து வாசலில் சாதியின் பெயரால் விரட்டப்பட்டார். பசி தாங்காமல் தெருவில் எறிந்த எச்சில் இலைகளில் மிஞ்சியதைத் தின்றார். பெரியாரின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த கதை இது. சத்திரத்துக்குள் யார் உண்ணலாம் என்று பிறப்பை வைத்துத் தீர்மானித்த அதே ஒழுங்குதான், சாக்கடைக்குள் யார் இறங்க வேண்டும் என்பதையும் தீர்மானித்தது, இன்றும் தீர்மானிக்கிறது. கங்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆற்றைப் பார்க்கிறார்கள், ஆற்றுக்கு வரும் குழாய்க்குள் அடைப்பெடுக்க இறக்கப்படுகிறவனைப் பார்ப்பதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல் வந்தது, 2013-இல் மீண்டும் கடுமையாக வந்தது. குழிக்குள் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-இல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை உயர்ந்தது. சாவு நிற்கவில்லை. இறந்தவர் எந்தச் சாதி என்று விசாரித்துப் பாருங்கள், கங்கைக்கரையிலும் காவிரிக்கரையிலும் பதில் ஒன்றுதான்.

இந்த இடத்தில் நம் பக்கம் திரும்புகிறேன். நூறு ஆண்டுகளாக நாம் முழுகுகிறவனைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறோம். பாவம் நீரில் கரையுமா என்று கேட்டோம். சரியான கேள்விதான். ஆனால் கறுப்புச்சட்டை போட்ட என் தோழரிடம் நான் கேட்கிறேன்: உங்கள் வீட்டுக் கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது? செப்டிக் டேங்க் நிறைந்தபோது வந்த லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டியது? டேங்கை எடுக்க வந்தவர் உள்ளே இறங்கினாரா, இறங்கியவர் யார்? உங்கள் நகராட்சியில் நாளொன்றுக்கு எவ்வளவு கழிவுநீர் உண்டாகிறது, அதில் எவ்வளவு சுத்திகரிக்கப்படுகிறது? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் கடவுள் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், நாமும் அளக்காமல் நம்புகிறவர்கள்தான். பகுத்தறிவு என்பது ஏற்கெனவே முடிவு தெரிந்த கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது அல்லவே. ஒரு மகந்த் தன் தெய்வத்தையே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். நாம் நம் ஊர் ஏரியைக்கூடக் கொண்டுபோகவில்லை.

எண்ணைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதை 2025 பிப்ரவரியில் பிரயாக்ராஜில் பார்த்தோம். கும்பமேளாவில் கோடிக்கணக்கானவர் நீராடிக்கொண்டிருந்தபோது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்திடம் அறிக்கை கொடுத்தது. பல இடங்களில் மலக் கோலிஃபார்ம் குளியல் அளவைத் தாண்டியிருக்கிறது என்றது அறிக்கை. மாநில முதலமைச்சர் சட்டமன்றத்தில் அதை மறுத்தார். நீர் நீராடவும் அருந்தவும் தகுந்தது என்றார். சில நாட்களில் அதே வாரியம், பல மாதிரிகளைப் புள்ளியியல் முறையில் சேர்த்துப் பார்த்து, நீர் தகுதியானதே என்று இன்னோர் அறிக்கை தந்தது. எந்த அறிக்கை சரி என்று வல்லுநர்கள் வாதிடட்டும். நான் கேட்பது வேறு. அன்று காலை அந்தப் படித்துறையில் நின்ற பெண்ணுக்கு, அன்றைய எண்ணை யாராவது சொன்னார்களா? தீர்ப்பாயத்துக்குப் போன எண், சட்டமன்றத்துக்குப் போன எண், முழுகப்போகிறவளுக்கு மட்டும் போகவில்லை. அவள் நம்பிக்கை அவள் உரிமை, முழுகுவதும் முழுகாததும் அவள் முடிவு. ஆனால் எண் தெரியாமல் எடுக்கும் முடிவு அவள் முடிவாகாது. நம்பிக்கையை மதிக்கிறோம் என்று சொல்லும் அரசுகள் நம்புகிறவளை மதிப்பதில்லை.

2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. கங்கை உள்ளிட்ட ஒன்பது நதிகளும் அன்றைக்கு அந்தக் குளத்துக்கு வந்து தங்கள் பாவத்தைக் கழுவிக்கொள்கின்றன என்பது நம்பிக்கை. லட்சக்கணக்கில் மக்கள் ஒரே குளத்தில் இறங்குவார்கள். அதற்கு இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கும்பகோணம் மாநகராட்சியிடம் இன்றே எழுத்தில் கேட்கலாம்: குளத்தின் நான்கு கரைகளிலும் பலகை வையுங்கள். இன்றைய மலக் கோலிஃபார்ம் எவ்வளவு, குளிக்கத் தகுந்த அளவு எவ்வளவு என்று இரண்டு எண்களைப் பெரிய எழுத்தில், தமிழில் எழுதுங்கள். கூட்டம் கூடும் நாட்களில் நீரைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சோதியுங்கள், எண் மாறினால் பலகையையும் மாற்றுங்கள். சோதனையை அரசுக் கல்லூரி மாணவர்களும் உடனிருந்து செய்யட்டும், பதிவேட்டை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கட்டும். இந்த மனுவில் பக்தரும் கையெழுத்துப் போடலாம், நாத்திகரும் போடலாம். கோயில் அர்ச்சகரிடமும் கொண்டுபோய் நீட்டுங்கள், காசியில் ஒரு மகந்த் இதைத்தான் செய்தார் என்று சொல்லிக் கேளுங்கள்.